தண்ணீர்க் குழாயில் பூமியின் காந்தம்: கொங்கு நாட்டில் புரோட்டான் காந்தமானி கட்டி அளக்க ஒரு முழு வழிகாட்டி

குவாண்டம் சென்சார் என்றதும் பலருக்கு லேசரும் குளிரூட்டிய வெற்றிட அறையும்தான் நினைவுக்கு வருகின்றன. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் குவாண்டம் கருவிகளில் மிக எளியதற்கு அவை எதுவும் தேவையில்லை. தண்ணீர், செம்புக் கம்பிக் காயில், பேட்டரி, ஒரு பெருக்கி இருந்தால் போதும். 1954-இல் பேக்கார்டு, வேரியன் என்ற இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். இதன் பெயர் புரோட்டான் காந்தமானி.

இதைக் கட்டுவதற்குக் கோவை வட்டாரத்தைவிட வசதியான ஊர் அமைவது கடினம். பீளமேட்டில் 1937-இல் மோட்டார் செய்யத் தொடங்கிய ஊர் இது. கம்பி சுற்றித் தரத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். ஆனால் கிடைக்கிற செய்முறைகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் இங்கே சில இடங்களில் தடுமாற வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, நமக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும் சில வசதிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால் இந்த வழிகாட்டியை நம் மண்ணுக்கு ஏற்றபடி எழுதியிருக்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு புரோட்டான். அதற்குச் சுழல் என்ற குவாண்டம் பண்பு உண்டு. காந்தப்புலத்தில் அந்தச் சுழலுக்கு இரண்டே நிலைகள்தான். இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு புலத்தின் வலிமையைப் பொறுத்தது. புலத்துக்குக் குறுக்கே சாய்த்துவிட்டால், சாய்ந்த பம்பரம் தலை சுற்றுவது போலப் புரோட்டான்கள் புலத்தின் திசையைச் சுற்றி வரும். காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு டெஸ்லா, அதில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோடெஸ்லா. அந்தச் சுற்றின் அதிர்வெண் ஒரு நானோடெஸ்லாவுக்கு 0.0425764 ஹெர்ட்ஸ். திருப்பிச் சொன்னால், ஒரு ஹெர்ட்ஸ் என்பது 23.4872 நானோடெஸ்லா.

கருவியின் சிறப்பே இந்த எண்தான். நீங்கள் எத்தனை சுற்று சுற்றினீர்கள், பேட்டரி எவ்வளவு பழசு, பெருக்கி எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம் இதை மாற்றாது. அதிர்வெண்ணைச் சரியாக எண்ணினால் புலத்தின் மதிப்பு நேரடியாகக் கிடைத்துவிடும். இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு அளவீடு செய்ய வேண்டியதில்லை, நல்ல கடிகாரம் ஒன்று இருந்தால் போதும்.

கொங்குப் பகுதியில் புலத்தின் வலிமை 40,000 நானோடெஸ்லாவுக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் சிக்னல் சுமார் 1,700 முதல் 1,760 ஹெர்ட்ஸ் வரையிலான இடைவெளியில் வரும். இது காதுக்குக் கேட்கும் அதிர்வெண்.

இனி திசை. பூமியின் புலம் முழுக்கப் படுகிடையாக இருக்கும் கோடுதான் காந்த நடுக்கோடு. அது நமக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. ஆகவே இங்கே புலம் ஏறத்தாழ படுகிடையாக, வடக்கு நோக்கி இருக்கிறது. கீழ்நோக்கிய சாய்வு சில டிகிரிதான். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கும். காயிலின் அச்சு புலத்துக்குக் குறுக்கே இருந்தால்தான் சிக்னல் முழுமையாக வரும். அங்கே காயிலைக் கிழக்கு மேற்காகப் படுக்க வைத்தே ஆக வேண்டும். இங்கே கிழக்கு மேற்காகவும் படுக்க வைக்கலாம், நேராக நிமிர்த்தியும் வைக்கலாம். வடக்கு தெற்காக மட்டும் வைக்கக் கூடாது. இந்தச் சுதந்திரம் பின்னால் மிகவும் உதவும்.

படி 1: காயில் சுற்றுதல்

75 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் பைப் போடும் அதே குழாய்தான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அரை லிட்டர் பிடிக்கும். இரு முனைகளிலும் மூடி வைத்துச் சொல்யூஷன் போட்டு ஒட்டி, தண்ணீர் ஊற்ற ஒரு துளை விடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் நேரடியாகச் சுற்றச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. ஐந்து அடுக்குச் சுற்றின் இறுக்கத்தில் அது நசுங்கிவிடும், வேண்டாம்.

கம்பி வாங்கும்போது கவனம். கடையில் "மோட்டார் கம்பி" என்று மட்டும் கேட்டால் சப்மெர்சிபிள் மோட்டாருக்கான கம்பியை எடுத்துத் தரக்கூடும். தண்ணீருக்குள் ஓடுவதற்காக அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கும். ஓர் அடுக்கில் பாதிச் சுற்றுகூட அடங்காது. மோனோபிளாக் மோட்டாருக்குப் போடும் எனாமல் கம்பி, 22 கேஜ் என்று சொல்லிக் கேளுங்கள். செம்பின் தடிமன் 0.71 மில்லிமீட்டர். இரண்டு காயிலுக்கும் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும்.

10 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் அடுக்குக்கு 125 சுற்று, ஐந்து அடுக்கு, ஆக 625 சுற்று. கையால் சுற்றலாம், ஆனால் என் ஆலோசனை வைண்டிங் கடையில் கொடுப்பதுதான். சுற்று எண்ணும் மீட்டரோடு இயந்திரம் இருக்கும், அடுக்குக்கு இடையே காகிதம் வைத்து, கடைசியில் வார்னிஷும் போட்டுத் தருவார்கள். இரண்டு காயிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றின் மின்தடையும் 6.5 முதல் 7 ஓம் வரை இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு காயிலையும் பக்கத்தில் பக்கத்தில், அச்சுகள் இணையாக இருக்கும்படி பொருத்துங்கள். இணைப்பை மட்டும் எதிரெதிராகக் கொடுங்கள். மின்னோட்டம் விட்டால் ஒன்றின் மேல்முனை வடதுருவமாகவும் மற்றதன் மேல்முனை தென்துருவமாகவும் இருக்க வேண்டும். சின்னக் காம்பஸ் வைத்துச் சோதிக்கலாம். ஏன் இப்படி? தொலைவில் ஓடும் மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் ஒன்றுபோல் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புரோட்டான்களின் சிக்னல் மட்டும் கூடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சொல். போர் தண்ணீரில் இரும்போ மாங்கனீஸோ கரைந்திருந்தால் சிக்னல் சீக்கிரம் செத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் நல்லது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் அதைக் கொதிக்கவைத்து ஆற வைத்தால் போதும். கொதிக்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனும் வெளியேறும், சிக்னல் இன்னும் கொஞ்சம் நீளும்.

படி 2: முறுக்கேற்றி வெட்டுதல்

பூமியின் புலம் மட்டும் இருந்தால் புரோட்டான்கள் ஒரே திசையில் அணிவகுக்கும் ஒழுங்கு மிக மிகக் குறைவு. அந்த ஒழுங்கைக் கூட்டுவதைத்தான் முறுக்கேற்றுவது என்கிறேன். அதனால் முதலில் காயிலில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய ஓர் ஆம்பியர் விட வேண்டும். உள்ளே 5 முதல் 6 மில்லிடெஸ்லா புலம் உண்டாகும். அது பூமியின் புலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். நல்ல தண்ணீரில் ஒழுங்கு ஏறுவதற்கு இரண்டு மூன்று நொடி ஆகும் என்பதால் 6 நொடி விடுங்கள். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்தால் சிக்னலும் இரட்டிப்பாகும், காயில் சூடாவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்ட வேண்டும். கருவி வேலை செய்யாமல் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ரிலேக்களுக்குப் போடுவது போலக் காயிலுக்குக் குறுக்கே சாதாரண டயோடு போட்டுவிடுவார்கள். அது மின்னோட்டத்தை மெதுவாக அடங்க விடும். மெதுவாக அடங்கினால் புரோட்டான்கள் பூமியின் புலத்தோடு அமைதியாகச் சேர்ந்து திரும்பிவிடும், குறுக்கே நிற்காது, சுற்றவும் சுற்றாது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 0.58 மில்லி நொடி. அதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். 250 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சால் வெட்டுங்கள். மின்னழுத்தம் எகிறுவதை 150 வோல்ட் அளவில் பிடித்துக்கொள்ளும் டிவிஎஸ் டயோடு ஒன்றைச் சேருங்கள். கால் மில்லி நொடியில் வேலை முடிந்துவிடும். வெட்டும் நேரத்தில் அந்த முனைகளைத் தொடாதீர்கள், அடி பலமாக இருக்கும்.

வெட்டிய பிறகு 40 மில்லி நொடி பொறுத்து, ரிலே வழியாகக் காயிலைப் பெருக்கிக்கு மாற்றுங்கள். எந்தச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் இந்த நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

படி 3: பெருக்கி

காயிலில் வரும் சிக்னல் ஒரு மைக்ரோவோல்ட் அளவு. முதலில் அதை இசைவு செய்யுங்கள், அதாவது நம் சிக்னலின் அதிர்வெண்ணுக்கு மட்டும் காயில் வலுவாக எதிரொலிக்கும்படி செய்யுங்கள். இரண்டு காயிலும் சேர்ந்து 35 மில்லிஹென்றி போல இருக்கும். 0.24 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் குறுக்கே போட்டால் 1,735 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இசையும். 0.22 போட்டுவிட்டுச் சின்னச் சின்னதாகச் சேர்த்துச் சரிசெய்யலாம். ஐரோப்பியச் செய்முறையில் உள்ள மதிப்பைப் போட்டால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் இசைந்து நிற்கும், இங்கே ஒன்றும் கேட்காது.

பெருக்கியின் முதல் கட்டத்துக்கு என்இ 5534 ஓப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு போதும், காந்திபுரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நூறு மடங்கு, அடுத்த கட்டத்தில் இன்னொரு நூறு மடங்கு. தனியாக இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். அலுமினியப் பெட்டியில் வையுங்கள். காயிலுக்கும் பெட்டிக்கும் இடையே 5 மீட்டராவது உறையிட்ட மைக் கேபிள் இருக்கட்டும். ரிலேயிலும் பேட்டரியிலும் லேப்டாப்பிலும் இரும்பு இருக்கிறது, அவை காயிலை நெருங்கவே கூடாது.

படி 4: இடம்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். கருவி சரியாக இருந்தும் இடம் சரியில்லாமல் மனம் உடைந்தவர்கள் நிறைய.

வீட்டுக்குள் இது வேலை செய்யாது. கான்கிரீட்டில் உள்ள முறுக்குக் கம்பிகள் புலத்தை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். குழாயின் ஒரு முனையில் உள்ள புரோட்டான் ஒரு வேகத்திலும் மறுமுனையில் உள்ளது இன்னொரு வேகத்திலும் சுற்றி, சில மில்லி நொடிகளில் சிக்னல் கலைந்துவிடும். மொட்டை மாடியும் அதே கதைதான்.

அடுத்த தொல்லை மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் 35-ஆவது மடங்கு 1,750 ஹெர்ட்ஸ், நம் சிக்னல் வரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மூன்று பேஸ் மின்சாரத்தை நேர்மின்னாக்கி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் சரியாக 35-ஆவது மடங்கை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தவை. ஸ்பின்னிங் மில்லும் சாயப்பட்டறையும் அப்படிப்பட்ட டிரைவ்களால் நிறைந்தவை. ஆகவே பல்லடம், சோமனூர், திருப்பூர் பக்கம் ஆலைகளை விட்டுத் தள்ளி வாருங்கள். உடுமலை, தாராபுரம் பக்கம் திறந்தவெளி நிறைய இருக்கிறது, ஆனால் காற்றாலைக் கோபுரங்கள் முழுக்க எஃகு. ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் கம்பியோ வேறு வகைத் தொல்லை. அதில் ஓடுவது நேர்மின்னோட்டம், இரைச்சலாகக் கேட்காது, அளவை மட்டும் ஓசையில்லாமல் மாற்றிவிடும். பம்பாயில் மின்சார டிராம் வந்ததும் கொலாபா காந்த ஆய்வகத்தையே அலிபாக்குக்கு மாற்றினார்கள், அங்கே 1904-இல் பதிவு தொடங்கியது. இடத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

எனக்குப் பிடித்த இடம் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு. மாடு மேய விட்ட புல்வெளி, சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. முள்கம்பி கிடையாது என்பது இந்த வேலைக்குப் பெரிய வரம். மோட்டார், கிணறு, போர் கேசிங் எல்லாம் பல மீட்டர் தள்ளி இருக்கும். உரியவரிடம் கேட்டு, கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போங்கள். காரை 30 மீட்டருக்கு அப்பால் விடுங்கள். தாங்கிக்கு மூங்கிலும் கயிறும், திருகு வேண்டுமானால் பித்தளை. அலைபேசி, சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள் எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

படி 5: முதல் சிக்னல்

காயிலை நிமிர்த்தி வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். 6 நொடி மின்னோட்டம், வெட்டு, உடனே மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்து, இரண்டு மூன்று நொடியில் தேய்ந்து போகும். அதைச் சவுண்ட் கார்டில் பதிவு செய்து, எந்த ஒலி மென்பொருளிலும் அதிர்வெண் வரைபடம் போட்டுப் பார்த்தால் கூரிய முனை ஒன்று தெரியும்.

அது புரோட்டானா, மின்கம்பி இரைச்சலா? மூன்று சோதனை செய்யுங்கள். மின்னோட்டம் விடாமல் கேட்டால் முனை மறைய வேண்டும். காயில் அச்சை வடக்கு தெற்காகத் திருப்பினால் மறைய வேண்டும். ஒரு கடப்பாரையை இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால் முனை நகர வேண்டும். 1,750-இல் அசையாமல் நிற்பது மின்வாரியத்தின் இரைச்சல்.

இரைச்சல் அதிகம் என்றால் நான் முன்பே சொன்ன சுதந்திரம் கைகொடுக்கும். நிமிர்ந்த நிலையிலிருந்து கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். எந்தச் சாய்விலும் நம் சிக்னல் குறையாது, ஏதோ ஒரு சாய்வில் இரைச்சல் தணியும். அங்கே நிறுத்துங்கள். சாய்வான புலம் உள்ள நாடுகளில் செங்குத்து நிலை கைவிட்டுப் போவதால் இந்த வழி இவ்வளவு எளிதாக வாய்க்காது.

ஒன்றுமே கேட்கவில்லையா? முதலில் இடத்தைச் சந்தேகியுங்கள், பிறகு வெட்டும் வேகத்தை, பிறகு இசைவை. பெருக்கியைக் கடைசியில் பாருங்கள்.

படி 6: எண்ணாக மாற்றுதல்

உதாரணத்துக்கு, அதிர்வெண் 1,735.0 ஹெர்ட்ஸ் என்றால் 23.4872-ஆல் பெருக்குங்கள்: 40,750 நானோடெஸ்லா. உலகக் காந்தப்புல மாதிரியான ஐஜிஆர்எஃப் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாக உள்ளன. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து ஒப்பிடுங்கள். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தாலும் பதற வேண்டாம். மாதிரி பூமியின் மையக்கருவிலிருந்து வரும் பெரும்புலத்தைச் சொல்கிறது, உங்கள் காலடிப் பாறையைச் சொல்வதில்லை.

சவுண்ட் கார்டின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் விடை 2 நானோடெஸ்லா பிசகும். அதைத் திருத்த, ஜிபிஎஸ் தொகுதி ஒன்று நொடிக்கு ஒருமுறை தரும் துடிப்பை இரண்டாவது சேனலில் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒரு நானோடெஸ்லா துல்லியம் வேண்டுமென்றால் இது அவசியம்.

படி 7: ஒரு நாள் முழுக்க அளத்தல்

கருவி நிலைத்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். காலை 6 மணியிலிருந்து மாலை 6 வரை, கால் மணிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து வரைபடம் போடுங்கள். புலம் காலையில் ஏறி, உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்பு உச்சம் தொட்டு, பிற்பகலில் இறங்கும். ஏற்றம் பல பத்து நானோடெஸ்லா இருக்கும்.

காரணம் தலைக்கு மேலே, 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகலில் காந்த நடுக்கோட்டை ஒட்டி ஓடும் மின்னோட்டப் பட்டை. நடுக்கோட்டு மின்தாரை என்று சொல்லலாம். அதன் நடுவுக்கு அருகே திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. கொங்கு நாடு அந்தப் பட்டையின் வடக்கு ஓரம். இங்கே இன்னொரு நன்மையும் சேர்கிறது. புரோட்டான் காந்தமானி மொத்தப் புலத்தின் அளவை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. மின்தாரை மாற்றுவதோ கிடைத்திசைப் புலத்தை. நம் ஊரில் மொத்தப் புலம் ஏறத்தாழ முழுவதும் கிடையாகவே இருப்பதால் மாற்றம் குறையாமல் அப்படியே எண்ணில் விழும்.

சூரியப் புயல் நாட்களிலும் அப்படித்தான். 2024 மே 10, 11-இல் வந்தது போன்ற பெரும்புயலில் இந்த அட்சரேகையில் புலம் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா இறங்கும். தண்ணீர்க் குழாய்க்கே அது தெளிவாகத் தெரியும். 2015 ஜூன் 22-இல் வந்த புயலின்போது உதகையில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்களை எண்ணும் கருவி), இரண்டு மணி நேரம் காஸ்மிக் கதிர்கள் பெருகியதைப் பதிவு செய்தது. பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக வலுவிழந்ததன் அடையாளம் அது.

படி 8: நிலத்தைத் தேடுதல்

மண்ணுக்குள் இருக்கும் இரும்புக் குழாய், மூடிப்போன போர் கேசிங், பழைய உலை, இவற்றைத் தேட வயலில் ஒரு மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி வரிசையாக அளக்க வேண்டும். பகல் 9 மணிக்கும் 3 மணிக்கும் இடையே இதைச் செய்யாதீர்கள். நீங்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் மின்தாரை புலத்தை நகர்த்திவிடும், அது மண்ணுக்குள் இருப்பது போலத் தெரியும். விடியற்காலை நல்லது, இரவு இன்னும் நல்லது. எப்போது செய்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொடங்கிய புள்ளிக்கு வந்து மறுபடி அளந்து, வித்தியாசத்தைக் கழியுங்கள். சின்னப் பொருளின் பாதிப்பு தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே காயிலைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கொண்டுபோங்கள்.

சுட்ட களிமண்ணும் காந்தத்தைத் தேக்கிவைக்கும். உலை ஆறும்போது அன்றைய பூமியின் புலம் அதில் பதிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் வாட்டர் நியூட்டனில் 1958-இல் மார்ட்டின் எய்ட்கன் என்ற இயற்பியலாளர் புரோட்டான் காந்தமானியைக் கொண்டுதான் ரோமானியர் காலச் சூளைகளைக் கண்டுபிடித்தார். நொய்யல் கரைக் கொடுமணலில் பழங்காலத்தில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். நம் ஊர்களில் புன்செய் ஓரங்களில் கிடக்கும் இரும்புக் கசடு மேட்டைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும். ஆனால் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் கருவியோடு போகக் கூடாது. எதைக் கண்டாலும் தோண்டவும் கூடாது. உங்கள் அளவுகள் தொல்லியலாளருக்குப் பயன்படும், தோண்டிய குழி பயன்படாது.

சேலம் கஞ்சமலை வேறு ரகம். மலையே மேக்னடைட் கலந்த பாறை. அடிவாரத்தில் எண்கள் தாவித் தாவி மாறும், இன்னும் நெருங்கினால் புலத்தின் ஏற்ற இறக்கத்தில் சிக்னலே கலைந்து போகும். கருவியின் எல்லை எது என்று பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

இதற்கு மேல் போக

தண்ணீர்க் குழாய் சில நொடிக்கு ஒருமுறைதான் அளக்கும். நொடிக்குப் பலமுறை வேண்டுமென்றால் ஆவியாக்கிய சீசியம், ருபிடியம் போன்ற அணுக்களை ஒளியால் முறுக்கேற்றும் கருவிகள் இருக்கின்றன. சீசியத்துக்கு ஒரு நானோடெஸ்லாவுக்கு 3.5 ஹெர்ட்ஸ், ருபிடியம்-87-க்கு 7 ஹெர்ட்ஸ். புரோட்டானைவிட நூறு மடங்கு அளவு கூர்மை. 2013 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் ஹீலியம் அணுக்களால் அளக்கின்றன.

வைரத்தில் கார்பன் அணு ஒன்றை நைட்ரஜன் பிடித்துக்கொண்டு பக்கத்து இடம் காலியாக இருந்தால் அதுவும் காந்தமானியாகும். பச்சை லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைக் கொடுத்து மெல்ல மாற்றினால் ஓரிடத்தில் ஒளி மங்கும். புலம் இருந்தால் அந்த மங்கல் இரண்டாகப் பிரியும், ஒரு பக்கத்துக்கு ஒரு நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ் வரை. வைரத்தின் படிகத்தில் நான்கு திசைகள் இருப்பதால் புலத்தின் திசையையும் சொல்லிவிடும், தண்ணீரால் முடியாத வேலை அது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் திட்டத்தில் குவாண்டம் உணர்விகளுக்கான மையம் மும்பை ஐஐடியில் அமைந்திருக்கிறது. பொறியியல் மாணவர்கள் வைரத்தைத் தொடும் முன்பு குழாயும் தண்ணீருமாக ஒரு முழுநாள் வரைபடம் எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிக்னல் கலைவது, முறுக்கேற்றுவது, அதிர்வெண்ணைப் படிப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. பச்சை லேசரைத் தொடும்போது அதற்குரிய கண்ணாடி இல்லாமல் மேசைக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.